ஊக்கில் தொங்கும் பெயர்

சலவையிலிருந்து வந்த சட்டையின் காலரைப் புரட்டிப் பார்த்தார் வாத்தியார்.

ஊக்கு இருந்தது. மூச்சு வந்தது.

அந்த முதியோர் இல்லத்தில் துணி மாறிப்போகாமலிருக்க எல்லார் உடுப்பிலும் பெயர் எழுதிய நாடா ஒன்று லேபிளாக உண்டு. கொஞ்ச நாள் தங்கிப் போகிறவர்களுக்கு அதை ஊக்கால் குத்துவார்கள். கடைசிவரை இருக்கப்போகிறவர்களுக்குத் தைத்துவிட வேண்டும். தைத்துத் தருவது வீட்டார் பொறுப்பு.

வீட்டில் பெயிண்ட் வேலை முடியும்வரை என்று சொல்லித்தான் மகன் கொண்டுவந்து விட்டிருந்தான். மழை போய் வெயிலும் வந்துவிட்டது.

“என்ன வாத்தியாரே, இன்னும் ஊக்குலதான் தொங்குறீங்களா? நாங்கல்லாம் எப்பவோ டெர்மினஸ் வந்து சேந்துட்டோம்” என்றார் பக்கத்துக் கட்டில் கண்டக்டர்.

ஆயுள் முழுக்க ஆங்கிலம் நடத்தியவர் விடுவாரா?

“லேபிள்னா ஆதியில என்ன அர்த்தம் தெரியுமாய்யா? ரிப்பன். ஓரத்துல சும்மா தொங்குற துணிக்கீத்து. தொங்கினாத்தான் லேபிள். தைச்சா அது ஒட்டுப்போட்ட துணி.”

கண்டக்டர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மகன் உள்ளே வந்தான்.

“பெயிண்டர் இழுத்தடிக்கிறான்ப்பா. அடுத்த மாசம் கண்டிப்பா கூட்டிட்டுப் போயிடுறேன்” என்று ஜன்னலிடம் சொன்னான். பிறகு ஒரு பையை நீட்டினான். “புதுச் சட்டை. அவதான் பாத்து எடுத்தா. போட்டுப் பாருங்க.”

வெளிர்நீலம். அவருக்குப் பிடித்த நிறம். மருமகள் மறக்கவில்லை.

கண்ணாடித்தாள் உறை ஏற்கெனவே ஒருமுறை பிரிக்கப்பட்டு, டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. கழுத்தைத் தாங்கும் அட்டையை உருவினார்.

காலருக்கு உள்ளே வெள்ளை நாடா. அவர் பெயர். நான்கு ஓரமும் இரட்டை நூலில், நெருக்கி நெருக்கித் தைத்திருந்தது.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

வாத்தியார் சட்டையைப் போட்டுக்கொண்டார். கழுத்துப் பொத்தான்வரை போட்டார். பிடரியில் நாடா உறுத்தியது.

“அளவு சரியா இருக்காப்பா?”

“தைச்ச மாதிரி இருக்கு” என்றார். “பெயிண்டரை அவசரப்படுத்தாதே. நல்லாக் காயட்டும்.”

“சரிப்பா” என்றான் மகன், அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள்.