திரியாத ரத்தம்

சிப்பாய் மரியநேசனின் ரத்தம் யாருடைய ரத்தத்தோடு கலந்தாலும் திரியாது. எந்தச் சிப்பாய்க்கும் பயமில்லாமல் ஏற்றலாம் என்பதாலேயே பிரெஞ்சுப் பட்டாளத்து ஆஸ்பத்திரி அவனை வெளியே விடவில்லை. ஊரில், மூலக்குளத்தில், அவன் மனைவிக்கு நிறைமாதம்.

“ஒருத்தனோடவாவது திரியட்டும், அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்டா” என்பார் டாக்டர்.

ஒருநாள் மரியநேசன், நோயாளியின் ரத்தத்துக்குப் பதிலாகச் சமையற்கட்டுச் சேவலின் ரத்தத்தைச் சோதனைக் கண்ணாடித் தட்டில் வைத்தான். அதுவும் சமத்தாகக் கலந்தது.

கண்டுபிடித்த டாக்டர் சிரித்தார். “எல்லாரையும் பாத்தாச்சு. உன்னோடதையே பாத்துடலாம்.”

இடக்கை விரலில் ஒரு சொட்டு, வலக்கை விரலில் ஒரு சொட்டு. இரண்டும் சேர்ந்ததும் கெட்டுப்போன பால் மாதிரி திரிந்தன.

“திரிஞ்சிடுச்சு முசே! நான் கிளம்பறேன்.”

“போ” என்றார் டாக்டர், காலிப் புட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தபடி. “ஆனா உள்ள ஓடறது உன்னோடது இல்லடா. அத இங்க இறக்கி வச்சுட்டுப் போ.”