ஐந்தாவது ஏன்

வயரை வெட்டியது கருப்பசாமிதான். அதில் சந்தேகமே இல்லை. கட்டிங் பிளேயர் அவர் கையில்தான் இருந்தது.

கேபிள் டிவி வயர்தானே என்று வெட்டினார். அந்த வயரில்தான் இத்தனை வருடமாக வீட்டுத் துணி காய்கிறது என்பது, ராசாத்தி கஞ்சி போட்டு உலர்த்தியிருந்த சுங்குடிச் சேலை சாக்கடை ஓரச் சேற்றில் போய்ப் படுத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

"ஐயையோ, ஞாயித்துக்கிழமைக்குன்னு எடுத்து வச்ச சேலைங்க!"

"ஞாயித்துக்கிழமை என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல" என்று சேலையை வாரிக்கொண்டு உள்ளே போனாள் மனைவி.

கருப்பசாமி அதை அப்படியே விட்டுவிட்டார். மனிதர் அப்போது தரையில் இல்லை.

ஓசூர் சிப்காட்டில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் போன மாதம்தான் கைசன் பரிசு வாங்கியிருந்தார். கைசன் என்பது ஜப்பான்காரன் வழி. எங்கே வேஸ்ட் இருக்கிறதோ, கண்டுபிடித்து வெட்ட வேண்டும். அவர் சொன்ன யோசனையால் பிரஸ் ஷாப்பில் ஒரு தள்ளுவண்டிக்கு நடை குறைந்தது. மேடைக்குக் கூப்பிட்டு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள்.

ஹாட் பாக்ஸ் வாங்கியவன் சும்மா இருப்பானா? கைசனையும் கூடவே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

கேபிளுக்குத் தனியாக, ராசாத்தி போனுக்குத் தனியாக எதற்கு அழ வேண்டும்? ஒரே ஒரு இன்டர்நெட் இணைப்பு போதும். டிவியும் அதில் ஓடும், போனும் அதில் பேசும்.

செட்டாப் பாக்ஸைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். ராசாத்தியின் சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்தினார். வீட்டுக்குள் வைஃபையில் பேசலாம். வாசற்படியைத் தாண்டினால் அவள் போன் வெறும் கைக்கண்ணாடி. அது ஒரு குறையாகவே அவருக்குப் படவில்லை. அவருடைய போனுக்குத்தான் ரீசார்ஜ் இருந்ததே.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஜெகதீஷ் இப்போது அம்மாவை வீடியோவில் கூப்பிட்டான். முகம் பளிச்சென்று தெரிந்தது. அப்பாவின் தலை திரைக்குள் நுழைந்ததும், "சிக்னல் சரியில்லப்பா" என்று மறைந்துவிட்டான்.

புது டிவியில் தமிழ் பேக் மட்டும்தான் போட்டிருந்தார். ராசாத்தி சாயங்காலமானால் பார்க்கிற கன்னட சீரியல் அதில் வரவில்லை.

அந்த சீரியலைக் கருப்பசாமி தெருவுக்கே நடித்துக் காட்டியிருக்கிறார். மாமியார் மூக்கு விடைப்பது, மருமகள் தட்டோடு நடுங்குவது, அதைப் பார்த்து ராசாத்தி வாய்க்குள் முணுமுணுப்பது எல்லாமே அதில் உண்டு. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவளுக்குக் கன்னட மாமியாரோடு என்ன வாய்த்தகராறு என்று அவர் கேட்டால், கன்னடம் பேசும் பக்கத்து வீட்டு சாந்தம்மாகூட வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

ராசாத்தி மட்டும் சிரித்ததில்லை. அதை அவர் கவனித்ததும் இல்லை.

கேபிள் போன நாளிலிருந்து, மாலையானால் ராசாத்தி சாந்தம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். கருப்பசாமி பரிசு வாங்கிய ஹாட் பாக்ஸைத் திறந்து தனியாகச் சாப்பிடுகிறார். எதிரே தமிழ் பேக் ஓடுகிறது. ஜோக்கடித்தால் கேட்க ஆளில்லை. வேஸ்ட் என்று எதையோ வெட்டப்போய், வேறு எதையோ சேர்த்து வெட்டிவிட்டோமோ என்று முதல் முறையாக அவருக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை அவரே போய்க் கூப்பிட்டார். உள்ளே இரண்டு பெண்களும் பேச்சைச் சட்டென்று நிறுத்தினார்கள். டிவி அணைந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கம்பெனிப் பாடத்தை எடுத்தார். கோளாறு வந்தால் ஐந்து முறை ஏன் என்று கேள், ஐந்தாவதில் வேர் வந்துவிடும். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"தினம் ஏன் அங்க போற?"

"சீரியல் பாக்க."

"டிவி ஏன் ஆஃப்ல இருந்துச்சு?"

"கரண்டு இல்ல."

"ஃபேன் மட்டும் ஏன் ஓடுச்சு? சாந்தம்மா ஊதினாங்களா?"

ராசாத்தி சுங்குடிச் சேலையின் ஓரத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். எத்தனை கசக்கியும் கறை முழுதாகப் போகவில்லை.

"சரி, தமிழ்ல ஆயிரம் இருக்கு. ஏன் அந்தக் கன்னடமே வேணும்?"

சேலையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

கடைசிக் கேள்விக்கு ஒரு நல்ல நக்கல் அவரிடம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"என்கிட்ட ஏன் சொல்ல மாட்டேங்கற, ராசாத்தி?"

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் எங்காவது சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதுபோல நெடுநேரம் பார்த்தாள்.

"சொன்னா அதையும் தெருவுல நடிச்சுக் காட்டுவீங்க. ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பறப்ப சொல்லிக்கலாம்னு நானும் ஜெகதீஷும் முடிவு பண்ணியிருந்தோம்" என்றாள். "அவனுக்குப் புடிச்ச பொண்ணு ஆனேக்கல்ல இருக்கா. அவங்கம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கத்தரிக்கா என்ன விலைன்னு கேக்கற கன்னடம் எனக்கு எப்பவோ வந்துருச்சுங்க. பொண்ணு கேக்கற கன்னடம்தான், சாந்தம்மா தினம் சொல்லிக் குடுத்தும் இன்னும் வரல."