குறி தப்பாதவன்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மகனைச் சுட்டவனுக்கு ஒரு தாய் காப்பி ஊற்றிக்கொடுத்த கதை சொல்கிறேன்.

"விஷமெல்லாம் கலக்கலடா. குடி," என்றாள் லொவீசா.

ஓஸ்கரி கோப்பையைத் தொடவில்லை. ஊரே ரை தானியத்தைக் கருக்கிக் காப்பி என்று குடித்துக்கொண்டிருந்த அந்த வசந்தத்தில், இது நிஜக் காப்பிக்கொட்டை வாசனை.

பின்லாந்து முழுக்க வெள்ளை, சிவப்பு என்று அண்ணன் தம்பிகளே சுட்டுக்கொண்டிருந்த நேரம். சிவப்புப் பக்கம் போன அவள் மகன் ஈவாரியைப் பிடித்து, மணல் பள்ளத்தில் நிறுத்திச் சுட்டார்கள். துப்பாக்கியோடு வரிசையில் நின்ற வெள்ளைப் படைக்காரர்களில் ஓஸ்கரியும் ஒருவன். இருவரும் ஒரே ஏரியில் நீச்சல் பழகியவர்கள்.

"அத்தை, நான் கொல்லல," என்றான் ஓஸ்கரி. "அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நீதான்டா நின்னே."

"நின்னேன். ஆனா பக்கத்துல இருந்த பைன் மரத்தைப் பார்த்துச் சுட்டேன். உங்களுக்கே தெரியும், பறக்குற காட்டுக்கோழியக் கூட கறி கெடாம தலையில அடிக்கிறவன் நான். அவன் மூஞ்சியப் பார்த்ததும் கை தானா விலகிடுச்சு."

லொவீசாவின் கை கெட்டில் பிடியிலேயே நின்றது.

"அந்தக் கேப்டன் வெளியூர்க்காரன். என்னைத் தெரியவே தெரியாது. ஆனா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினான். எந்தப் பாவி போட்டுக் கொடுத்தானோ, அவன் விளங்கவே மாட்டான்." ஓஸ்கரி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தூக்கமே வரல அத்தை. நீ கொலைகாரன் இல்லடான்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"சுட்டப்புறம் அவனைத் திரும்பிப் பார்த்தியா?"

"இல்ல. உடனே எங்களைத் திருப்பி நடக்க வச்சுட்டாங்க."

அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். அந்த ஊரில் பிள்ளை பெறுவதும் சவுனா என்கிற வெந்நீராவிக் குளியல் குடிலில்தான், பிணம் கழுவுவதும் அதே சவுனாவில்தான்.

"அவனைப் பெத்த பலகையிலேயே கிடத்திக் கழுவினேன்டா. முட்டியில ஒண்ணு, அடிவயித்துல ஒண்ணு. நெஞ்சுல ஒரு கீறல் கூட இல்ல. உன்னோட நின்ன எல்லாரும் ஊர்ப் பசங்கதானே. எல்லாருக்கும் நல்ல மனசு."

ஓஸ்கரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"இன்னொரு குண்டு வீண்னு கேப்டன் கிளம்பிட்டான். காவல்காரன் என்னைப் பள்ளத்துல இறங்க விடல. மேலே குதிரை வண்டியோட நின்னேன். மாடு கறக்குற நேரம் தாண்டியும் அம்மா அம்மான்னு கத்திக்கிட்டே கிடந்தான்."

"அத்தை..."

"முந்தின நாள் அந்தக் கேப்டன்கிட்ட மண்டி போட்டுக் கெஞ்சினேன். உயிரைத் தர மாட்டேன்னுட்டான். வேற ஏதாவது வேணும்னா கேளுன்னான்." அவள் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள். "பிள்ளை வலி தெரியாமப் போகட்டும்னு, உன் பேரைக் கொடுத்தது நான்தான்டா."

உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும், கண்ணுகளா. வெளியே போன பிள்ளைகள் எல்லாம் வீடு வந்து சேரட்டும்.