எழுபத்திரண்டு கட்டம்

எழுபத்திரண்டு.

அவன் மறுபடியும் எண்ணினான். திரையில் சுண்டுவிரலை வைத்து, ஒவ்வொன்றாக.

எழுபத்திரண்டேதான்.

மூக்குத்திக்கு அடியில் விரித்திருந்த வரைபடத் தாளின் கட்டங்கள் அவை. கட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர்.

பக்கத்தில் இன்னொரு படம். அதே மூக்குத்தி. அதே தாள்.

அதில் முப்பத்தாறு கட்டம்தான் இருந்தது.

பழுதுக்கு வரும் நகையை வாங்கும்போது ஒரு படம், திருப்பிக் கொடுக்கும்போது ஒரு படம். அந்தக் கடையில் அதுதான் வழக்கம். எடுப்பவன் அவன். சின்னப் பொருளைக் கிட்டே வைத்து எடுக்கும் அவனுடைய மேக்ரோ லென்ஸில் ஒரு வளையம் உண்டு. ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால், கல் எவ்வளவோ அவ்வளவாகவே கேமராவுக்குள் விழும். முப்பத்தாறு கட்டத்துக்கு மேல் படத்தில் இடமிருக்காது. ஒன்றுக்கு இரண்டு என்றால் கல் பாதியாக விழும். எழுபத்திரண்டு கட்டமும் உள்ளே வந்துவிடும்.

இதெல்லாம் அவனுக்குத் தெரியாததா? ஊருக்கே பாடம் எடுக்கிறவன் ஆயிற்றே.

மூக்குத்தி வந்த அன்று, அதற்கு முன்னால் ஒரு பெரிய பதக்கத்தை எடுத்திருந்தான். வளையத்தைத் திருப்ப மறந்துவிட்டான்.

நடந்தது அவ்வளவுதான்.

பாதியாக விழுந்த கல்லில் ஒன்றும் தெரியவில்லை. முழுசாக விழுந்த கல்லில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது.

கடைச் சீட்டில் ஒட்டுவதற்காகக் கணினி இரண்டு படத்தையும் கல்லளவுக்கு வெட்டிச் சமமாக்கிவிட்டது. கட்டங்கள் வெளியே போய்விட்டன. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவனுக்கு வந்திருக்க வேண்டும்.

புள்ளி விழுந்த வைரம் வீட்டுக்கு ஆகாது, இது எங்கள் கல்லே இல்லை என்று ஸ்ரீரங்கத்து அம்மாள் மூக்குத்தியைத் தொடாமலே போய்விட்டாள். திருகு பற்றவைப்பதற்காகக் கழற்றிய கல் அது. அதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவ எடுத்துப்போய், ஒரு பகல் முழுக்கத் தன்னிடம் வைத்திருந்தவர் லூர்து அக்கா. பத்தொன்பது வருடமாக அந்தக் கடையில் கல் கழுவுகிறவர்.

போன வெள்ளிக்கிழமை, காலை பூஜை முடிந்த கையோடு, எல்லோரும் கூடி நிற்கும்போது முதலாளி அவனைத்தான் கேட்டார்.

கல் மாறியிருக்கிறது என்று அவன் சொன்னான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

லூர்து அக்கா அழவில்லை. சீட்டை வாங்கி இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டையும் ஒரே மாதிரிதான் எடுத்தீங்களா தம்பி?"

கேட்டது அது ஒன்றுதான். கேட்க வேண்டியதும் அது ஒன்றுதான்.

"அக்கா, இது பூந்திக்கொட்டை இல்ல. லென்ஸு" என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இப்போது காதில் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நாளைக்கு ஸ்டேஷனில் லூர்து அக்கா மேல் புகார் கொடுக்கப் போகிறார் முதலாளி. வெட்டாத படங்களைக் கேட்டிருந்தார். அதற்காகத்தான் அவன் இவற்றைத் திறந்தான். இல்லாவிட்டால் திறந்தே இருக்க மாட்டான்.

பழைய படத்தில் கல்லை மட்டும் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான்.

அதே மூலையில், தூசு மாதிரி, மங்கலாக ஒரு பொட்டு.

அன்றைக்கே இருந்திருக்கிறது.

படத்தை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நினைப்பும் வந்தது. வந்ததே என்று இன்னும் கூசிப்போனான்.

சாயங்காலம் பாலக்கரையில் அக்கா வீட்டுக்குப் போனான். லூர்து அக்கா வாசல் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வேலை போனதிலிருந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் துணி துவைக்கிறார் என்று தெருமுனையிலேயே சொல்லிவிட்டார்கள்.

அவன் இரண்டு படங்களையும் நீட்டினான். வளையம், கட்டம், ஒன்று, இரண்டு என்று என்னென்னவோ சொன்னான். தப்பு என்னுடையது என்பதை மட்டும் மூன்று தரம் சொன்னான்.

அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். கட்டங்களை எண்ணவில்லை. நேராகப் புள்ளியைப் பார்த்தார்.

"முதலாளிகிட்ட சொல்லியாச்சா?"

இங்கேதான் முதலில் வந்திருந்தான். இங்கே வருவதுதான் சுலபமாக இருந்தது. அது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த துணியை உதறினார்.

மறுநாள் காலை. கற்பூரம் காட்டி முடித்தார்கள். தட்டு சுற்றி வந்தது. விபூதியை இட்டுக்கொண்டு அவரவர் கவுண்ட்டருக்கு நகர்ந்தார்கள்.

அவன் நகரவில்லை. கையில் இரண்டு படங்கள். வெட்டாதவை.

"என்ன கதிரேசா?" என்றார் முதலாளி. "உள்ள வந்து குடுத்துட்டுப் போ. ஸ்டேஷனுக்கு நேரமாச்சு."

உள்ளே முதலாளியின் அறை. கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

"இல்லங்க. இங்கேயே சொல்லிடறேன்."

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மீதிப் பேரும் திரும்பும்வரை அவன் காத்திருந்தான்.