தப்பே இல்லாத வரி

அந்த அம்மாள் சிவப்புப் பேனாவை மேஜைமேல் வைத்த சத்தத்துக்கே டெஸ்பாட்ச் செக்‌ஷனில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். தலைமை ஆபீஸ் அனுப்பிய இங்கிலீஷ் டீச்சர். தேறாதவர்களுக்கு வேலை போகும் என்று காலையிலிருந்தே பேச்சு.

டிக்‌ஷனரி மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்தவர் எழுதும் இங்கிலீஷில் பேன் பார்த்துப் பார்த்தே அந்தப் பட்டப்பெயரை வாங்கியவர். காலியாகக் கிடந்த சூப்பர்வைசர் நாற்காலி இன்றோடு தனக்குத்தான் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"அதைவிட இது எப்படின்னு ஒப்பிட்டு இங்கிலீஷ்ல அஞ்சு வாக்கியம் எழுதணும். பூனையைவிட யானை பெரிசுன்னெல்லாம் வேணாம். உங்க செக்‌ஷன், உங்க ஆளுங்க, உங்க வேலை. அதை மட்டும் எழுதுங்க" என்றார் டீச்சர்.

"அண்ணே, ஒரே ஒரு வரி காட்டுங்கண்ணே. வேலை போச்சுன்னா வீட்டுக்காரி உள்ளயே விடமாட்டா" என்று பக்கத்து மேஜைக்காரர் கெஞ்சினார்.

"போன மாசம் 'மோர் பெட்டர்'னு எழுதினவன்தானே நீ? அனுபவி!" டிக்‌ஷனரி தாளைக் கையால் மறைத்துக்கொண்டார்.

நான்கு வரி தண்ணீர் பட்ட பாடு. ஐந்தாவதில் வித்தையைக் காட்ட வேண்டாமா? ஒன்று குறையக் குறைய இன்னொன்று கூடும் என்று வருமே, படித்தவர்களே சறுக்கும் இடம், அதைப் பிடித்தார். அர்த்தம் எப்படிப் போனால் என்ன, அமைப்பு அல்லவா அழகு! தன்னையே உதாரணமாக வைத்து எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

டீச்சர் எல்லாத் தாளையும் படித்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கடைசிவரை திறக்கவே இல்லை.

மாலையில் முதல் ஆளாக டிக்‌ஷனரிக்குத்தான் அழைப்பு. காலரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"ஒரு தப்புகூட இல்ல சார். தெளிவுன்னா இதுதான் தெளிவு" என்ற அந்த அம்மாள், ஐந்தாவது வரியைத் தமிழிலேயே சொன்னார். "'நான் எவ்வளவு கம்மியா வேலை பாக்கறேனோ, அவ்வளவு நல்லா செக்‌ஷன் ஓடுது.'"

"அது... சும்மா உதாரணத்துக்கு, டீச்சர்."

"நான் டீச்சர் இல்ல சார். ஆள் குறைக்க வந்திருக்கேன்." ஒரு கவர் மேஜையில் நகர்ந்து வந்தது.

டிக்‌ஷனரி திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பக்கத்து மேஜைக்காரர் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... அவன்?"

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார்.

"அவர் எழுதினது யாருக்குமே புரியல சார். எதை வச்சுத் தூக்கறது?"