கடைசி தோசை

மூச்சு வந்தது.

அதைக் கேட்ட பிறகுதான் அவர் கல்லில் மாவை ஊற்றினார்.

அடுப்படியிலிருந்து பார்த்தால் கட்டிலின் கால்மாடு மட்டும் தெரியும். மனைவியின் பாதங்கள் தெரியும். வீக்கம் இன்னும் வடியவில்லை. மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தால்தான் அவளால் மூச்சுவிட முடிகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த நாள் முதல் அவருக்கு இதே வேலை. எதைச் செய்தாலும் ஒரு காது கட்டிலோடு கிடக்கிறது.

அங்கே டாக்டர் திரையில் காட்டியிருந்தார். ரத்த அழுத்தத்தோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டி, இதயத்தின் சுவர் தடித்துவிட்டதாம். தடித்தால் பலம்தானே என்று இவர் நினைத்தார். இல்லையாம். தடித்த சதை சரியாக விரியாதாம்.

"பொரிச்ச எண்ணெயவே திரும்பத் திரும்பச் சூடாக்கிச் சாப்பிடுவீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

இவருக்குச் சுருக்கென்றது. செக்குக்கே போய் வாங்கிவருபவர் இவர்.

"சுத்தமான கடலை எண்ணெய்ங்க. வீட்ல எல்லாரும் அதத்தான் சாப்பிடுறோம். எனக்கெல்லாம் பிரஷரே கெடையாது."

பெருமையாகத்தான் சொன்னார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

கல்லில் மாவு வெந்துகொண்டிருந்தது. எண்ணெய்க் கிண்ணம் காலி. கேன் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. கேட்டால் எழுந்து வந்துவிடுவாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார்.

ஒரு சின்னத் தூக்குவாளி அகப்பட்டது.

திறந்தார்.

உள்ளே எண்ணெய் கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. அடியில் வடைத் தூள். அப்பளத் துணுக்கு. தீபாவளி முறுக்கின் நுனி ஒன்று.

காறல் வாடை மூக்கில் ஏறியது. தெரிந்த வாடை.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் தனக்கென்று சுட்டுக்கொள்ளும் தோசையில் அடிக்கும் வாடை. அது எப்போதும் கறுத்துத்தான் இருக்கும். கல் காய்ந்துவிட்டது, கடைசி தோசை அப்படித்தான் என்பாள். இவரும் நம்பினார். கருகல்காரி என்று பிள்ளைகள் முன்னால் கேலிகூடச் செய்திருக்கிறார்.

செக்கெண்ணெய் இவருக்கும் பிள்ளைகளுக்கும். மிஞ்சியது அவளுக்கு.

எத்தனை வருஷமாக?

கேட்க முடியாது. அவள் மனசு பதறக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை கூடப்போய், அந்தத் தடித்த சதை அப்படியே நின்றுவிட்டால்?

வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கினார். வாளியின் கைப்பிடி சரிந்து விளிம்பில் தட்டியது.

உள்ளே மூச்சுச் சத்தம் நின்றது.

அவர் அசையவில்லை.

"அதக் கொட்டிராதீங்க."

இரைத்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் இளைப்பாறினாள்.

"எனக்கு ஆகும்."

அடுத்த மூச்சுக்காகப் படியிலேயே நின்றார். ரொம்ப நேரம் வராதது போலிருந்தது.

வந்தது.

வாளியை மண்ணில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்தபோது அடுப்படியெல்லாம் புகை. தோசை கரியாகிக் கல்லோடு ஒட்டியிருந்தது.

அதைச் சுரண்டி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

கல்லைத் துடைத்தார். அவளுக்கு ஊற்றினார்.