எழுபது டிகிரிப் பொருத்தம்

"காபியெல்லாம் அப்புறம்! மொதல்ல அடுப்ப என்கிட்ட விடும்மா, என் பாக்டீரியா ஆறிப்போகுது!"

நாகஜோதி பட்டுப்புடவையோடு சமையலறைக்குள் பாய்ந்தாள்.

"கவர்மெண்டு மாப்பிள்ளை கூடத்துல உக்காந்திருக்காக. மானத்த வாங்காதடி!" என்று பல்லைக் கடித்தாள் அம்மா தங்கத்தாய்.

திருச்சுழிப் பக்கம் ஒரு சாணிக் குப்பைமேட்டின் கொதிக்கிற அடிவயிற்றில் கிடைத்த பாக்டீரியா அது. எழுபது டிகிரியில்தான் செழிக்கும். மதுரை லேபில் இருந்ததை, பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா கூப்பிட்டதால், கரண்டில் ஓடும் சூட்டுப் பெட்டியோடு வீட்டுக்கே தூக்கி வந்திருந்தாள். இப்போது பாளையம்பட்டி முழுக்கக் கரண்டு இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஜக்கம்மாள் எட்டிப் பார்த்தார். "ஏந்தாயி, கிருமிக்குச் சளி புடிச்சிருமோ?"

"சூடு கொறஞ்சா வளராது அத்தை. அது மூச்சு விடுறதுக்குன்னே ஒரு புரதம் வச்சிருக்கு. நம்ம புரதம்னா அந்தச் சூட்டுல முட்ட மாதிரி வெந்துரும். இது அசையாது. எப்படி மடிஞ்சிருக்குன்னு நாளைக்குப் பெங்களூருல படம் எடுக்கணும். இது போச்சுன்னா என் படிப்பே போச்சு!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கூடத்திலிருந்த மாப்பிள்ளை ராஜபாண்டி எழுந்து வந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். அண்டாவில் வெந்நீர் ஊற்றி, பாக்டீரியா இருந்த குடுவையை அதில் இறக்கி, தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்துவிட்டான்.

"அறுவத்தெட்டு... அம்மா, ஒரு செம்பு சுடுதண்ணி ஊத்துங்க. ஆங், எழுவது!"

வேர்க்கிறதே என்று விசிறியை எடுத்த தாய்மாமன் பால்சாமி, எல்லோரிடமும் திட்டு வாங்கினார். பஜ்ஜி மாவு கேட்பாரற்றுக் கிடந்தது.

இதற்கு முன் வந்த மாப்பிள்ளைகள் பாக்டீரியா என்றதுமே சோப்பு கேட்டவர்கள். இவனோ பெண்ணைக்கூடப் பார்க்காமல் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். நாகஜோதிக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"அம்மா, எனக்குச் சம்மதம்," என்றாள் எல்லோர் முன்னாலும்.

ராஜபாண்டி வெட்கத்தில் நெளிந்தான். அந்த நேரம் பார்த்து அவனுடைய செல்போன் அடித்தது. மகனுக்குக் கை ஒழியாததால் ஜக்கம்மாளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, கரண்டு ஆபீஸ்ல இருந்து தவசி பேசுறேன். பொண்ணு பாத்து முடிச்சாச்சா? லீவு கெடைக்கலன்னு, பாளையம்பட்டில லைன் வேலைன்னு பொய் சொல்லி நிப்பாட்டிட்டுப் போனீகளே, இப்பவாச்சும் கரண்டப் போட்டுரவா?"